அத்தையின் வியங்கோள்

மொழியியல் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. எதிர்ப்பதற்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கே தெரியாது. புதுச்சேரிக் கல்லூரியில் நான் கேட்ட இரண்டு பாடங்களிலும் இடம் முடிந்துவிட்டிருந்தது. சன்னலுக்குள் உட்கார்ந்திருந்தவர் என் மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொழியியல்ல எடம் இருக்குதும்மா, போட்டுக்கவா?" என்றார், ஓட்டலில் இட்லி தீர்ந்துவிட்டது, உப்புமா இருக்கிறது என்று சொல்லும் குரலில். மரக்காணம் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "போட்டுக்குங்க சார்" என்றேன். என் அறிவியல் வாழ்க்கை அப்படித் தொடங்கியது.

அப்பா உப்பளத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். பாத்தி ஓரத்துக் குவியலிலிருந்து உப்பை ஏற்றிக்கொண்டு சாலையோரக் கொட்டகையில் கொண்டுபோய்க் கொட்டுவது அவர் வேலை. மறுநாள் காலை டீக்கடையில் அவர் அறிவித்துவிட்டார்: "எம்பொண்ணு எல்லா பாஷையும் படிக்குது."

அதற்குப் பிறகு என்னைக் காண்பவர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "எத்தினி பாஷ தெரியும்?" என்பதுதான். தமிழ், கொஞ்சம் இங்கிலீஷ் என்று சொல்வேன். அவர்கள் முகத்தில் ஓர் இரக்கம் வரும். இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று தங்களையே தேற்றிக்கொண்டு போவார்கள்.

ஒருவர் மட்டும் என்னை முழுதாக நம்பினார். கோட்டக்குப்பத்திலிருந்து அப்பாவைப் பார்க்க வரும் பாய். கருவாட்டுக்கு உப்பு வாங்குகிறவர். அவர் மகன் சவுதியிலிருந்து அனுப்பிய ஒரு காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். முழுக்க அரபி.

"பாஷ படிக்கிறியாமே, இத இன்னான்னு சொல்லும்மா."

"எனக்கு அரபி தெரியாதுங்களே. நீங்க ஓதுவீங்கல்ல?"

"ஓதுவேன். ஆனா அதுல எழுத்துக்கு மேலயும் கீழயும் கோடு போட்டிருக்கும். இது மொட்டையா கீது. அப்பிடியே படிச்சாலும் அர்த்தம் எனக்கு எங்க தெரியும்?"

எழுத்து தெரிந்தவருக்குப் பொருள் தெரியாது. மொழிகளையே படிப்பவளுக்கு இரண்டும் தெரியாது. மூவரும், அதாவது அப்பாவும் சேர்த்து, அந்தக் காகிதத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தோம். பக்கத்தில் நின்ற டிராக்டர் கிளீனர் தன் போனை எடுத்து அதன்மேல் காட்டினார். இரண்டு நொடி. "தடுப்பூசி அட்டை" என்று போன் சொல்லிவிட்டது. பாய் காகிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, "நீ படி, நல்லா படி" என்று என்னை வாழ்த்திவிட்டுப் போனார். அப்பா அன்று என்னோடு பேசவில்லை.

வகுப்பில் நாங்கள் பதினோரு பேர். பாதிப்பேர் என்னைப்போல உப்புமாக் கூட்டம். எங்களுக்கு அறிமுகப் பாடம் எடுத்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையெல்லாம் சுண்ணாம்புத்தூள், மைக் இல்லாமலே அடுத்த கட்டடத்துக்கும் கேட்கும் குரல். முதல் நாளே சொல்லிவிட்டார்:

"நல்ல தமிழ், கெட்ட தமிழ்னு இங்க யாராவது சொன்னா வெளிய நிக்கணும். செடிகொடி ஆராய்ச்சி பண்றவன் நெருஞ்சியப் பார்த்து 'கெட்ட செடி'ன்னா எழுதுவான்? 'முள் இருக்கிறது'ன்னு எழுதுவான். நாமளும் அவ்வளவுதான். கேக்கறோம், எழுதறோம். திருத்தறதுக்கு நாட்டுல வேற ஆளுங்க நெறைய இருக்காங்க."

பிறகு எல்லாரையும் கழுத்தில் கை வைக்கச் சொன்னார். தொண்டைக்குள் அதிர்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். நாம் 'ப' என்று ஒரே எழுத்தை எழுதினாலும் வாய் இரண்டு ஒலிகளை எழுப்புகிறது, ஒன்றில் தொண்டை சும்மா இருக்கும், மற்றதில் முன்னதாகவே குறுகுறுக்கத் தொடங்கும் என்றார். "ஒரே மாதிரி எழுதி, வேற மாதிரி சொல்லி, அர்த்தமும் மாறுற ரெண்டு வார்த்தை யாராவது குடுங்க."

நான் கையைத் தூக்கினேன். "படுக்கிற பாய். கோட்டக்குப்பத்து பாய்."

அவர் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே போட்டுவிட்டார். அவ்வளவு சந்தோஷம். பதினோரு பேரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பாய், பாய் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தக் காகிதத்தோடு வந்த மனிதருக்கு நான் பட்ட கடன் தீர்ந்ததாக நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் என் கை தானாகக் கழுத்துக்குப் போய்விட்டது. க, ங, ச என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தைராய்டாம்மா? எங்க அண்ணிக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சிது" என்றார். இல்லை, படிப்பு என்றேன். அவர் மெல்ல எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டாம் வாரம் ஒரு கேள்வி வந்தது. "வீட்டுல வாயப்பயம்னு சொல்றவங்க யார் யாரு?"

ஒரு கையும் உயரவில்லை. என் கையும்தான். என் தெருவில் வாழைப்பழம் வாயப்பயம். கோழி கோயி. மழை மய. கழுதை கய்தே. பழத்துக்கும் அச்சத்துக்கும் எங்களிடம் ஒரே சொல். ஆறாம் வகுப்பில் தமிழாசிரியர் என்னை பெஞ்சுமேல் ஏற்றி, கிழவன் ஒருவன் வாழைப்பழத்தோலில் வழுக்கி விழும் அந்த வாக்கியத்தை ஒரு வாரம் சொல்லவைத்தார். அந்தக் கிழவன் விழுந்ததைவிட நான் விழுந்தது அதிகம். ஏழாம் வகுப்பில் ழ வந்துவிட்டது. வந்ததிலிருந்து அதைப் பள்ளிக்கூடச் செருப்பு மாதிரி வைத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் கழற்றிவிட வேண்டும், வெளியே போகும்போது மாட்டிக்கொள்ள வேண்டும். அதைப் பதினோரு பேருக்கு முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

"சரி, பொய் சொல்றதும் மொழியோட வேலைதான்" என்று ஆசிரியை எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பருவத்துக்கான வேலையைக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு மணி நேர இயல்பான பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். அதை ஒலிக்குறிகளில் எழுதி, சொல் சொல்லாகப் பிரித்து, ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்து வகுப்பில் சொல்ல வேண்டும்.

யாரைப் பதிவு செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவின் தங்கை, என் அத்தை. இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். இருபது வருடத்துக்கு மேலாக உப்பளத்தில் சட்டி சுமப்பவள். பாத்தியில் வாரிக் குவித்த உப்பைச் சட்டியில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, வரப்பில் நடந்து மேட்டில் கொட்ட வேண்டும். ஆனால் அவள் பெயர் பெற்றது சுமையில் அல்ல, வாயில். அவள் திட்ட ஆரம்பித்தால் எதிராளி பதில் சொல்ல மறந்து கேட்டுக்கொண்டு நிற்பார். தெருவில் யாருக்காவது வேலித் தகராறு என்றால் அவளைக் கூப்பிடுவார்கள். "நீ ஒண்ணும் பேச வேணாக்கா. சும்மா வந்து நில்லு" என்பார்கள். அவள் போய் நிற்பாள். வேலி ஓரடி பின்னால் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனை எடுத்துக்கொண்டு போனேன். "அத்தை, நீ எப்பவும் பேசற மாதிரி பேசு. பதிவு பண்ணணும்" என்றேன். இரு என்று உள்ளே போனாள். முகம் கழுவி, பவுடர் போட்டு, மஞ்சள் புடவை மாற்றிக்கொண்டு வந்து, முதுகை நிமிர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் போனில் சிவப்புப் பொத்தானைத் தொட்டேன்.

"வணக்கம். நான் மரக்காணம் உப்பழத்தில் பணி புரிகிறேன். உப்பழத்தில் உப்பு வெழ்ழையாக விழையும். அங்கே தொழிலாழர்கழ் அதிகாலையில் வருவார்கழ்."

வாழ்நாளில் ஒரு ழ கூடச் சொல்லாதவள், என் போனைப் பார்த்ததும் அதுவரை விட்டுவைத்ததையெல்லாம் மொத்தமாக இறக்கினாள். ள இருந்த இடமெல்லாம் ழ. உப்பளம் ஒரு பழமாகிவிட்டது. ஒரு மணி நேரமும் இப்படியே. மாட்டை 'கால்நடை' என்றாள். என் அப்பாவை 'எனது அண்ணார்' என்றாள். நான் போனை அணைத்ததும் உடம்பு முழுதும் தளர்ந்து, "முடிஞ்சிதா? சனியன், வாயி வலிக்குதுடி" என்றாள். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அது பதிவாகவில்லை.

வகுப்பில் சொன்னேன். எங்கள் ஆசிரியை ஆச்சரியப்படவில்லை. "நாம கேக்கறோம்னு தெரிஞ்சாலே பேச்சு ஓடிப்போயிடும். கொக்கு மாதிரி. நாம இல்லாத எடத்துல எப்படிப் பேசறாங்கன்னு நாம இருந்து கேக்கணும். இந்தத் தொழிலோட தலைவலியே அதான். பொறுமையா நாலஞ்சு தடவ போ. பழகிடுவாங்க."

நான்கைந்து தடவை போகப் பொறுமை இல்லாததால் நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். அதைத் திருட்டு என்றும் சொல்லலாம்.

செப்டம்பர் மாதம். அத்தைக்குக் கஞ்சி கொண்டுபோகும் சாக்கில் காலை எட்டு மணிக்கு உப்பளத்துக்குப் போனேன். போனில் பதிவைத் தொடங்கி, அதைக் கஞ்சித் தூக்கு இருந்த துணிப்பைக்குள் போட்டு, குவியலுக்குப் பக்கத்தில் நட்டிருந்த கழியில் பையை மாட்டினேன். பெண்கள் ஆறு பேர் அந்த வழியாகத்தான் சட்டியோடு வந்து போவார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற மாதிரி இருந்தேன்.

ஐந்து நிமிடத்துக்கு வெறும் மூச்சும் உப்பு கொட்டும் சத்தமும். பிறகு கடல் பக்கம் வானம் கறுத்தது. வெயில் கொளுத்தும்போது வரும் அந்த அவசர மழை. குவியலை மூட வேண்டிய தார்ப்பாய் இல்லை. முதல் நாள்தான் இவர்களை வேலை வாங்கும் மிஸ்திரி தன் வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் போட அதை எடுத்துப் போயிருந்தார். பெண்கள் ஓலைத்தட்டிகளை இழுத்துப் போட்டார்கள். பாதிக் குவியலைத்தான் மூட முடிந்தது. மழை இறங்கிவிட்டது. பாத்திகளில் மூன்று நாளாகப் பூத்திருந்த உப்பு எங்கள் கண்ணெதிரே மறுபடியும் தண்ணீரானது.

அத்தை காலிச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, வானத்தைப் பார்த்து நின்றாள். பிறகு தொடங்கினாள்.

"ஏய் மய! ஒனக்குக் கண்ணு அவிஞ்சி பூட்சா? வானூரு பக்கம் வயலு காஞ்சி வெடிச்சிக் கெடக்குது, அங்க போயி ஊத்தறதுக்கு ஒனக்கு இன்னா கேடு? கெயவி தலயில ஊத்த வந்துட்டியா? தூ! நாசமாப் போவ நீ! டேய் மிஸ்திரி, கம்னாட்டி, தார்ப்பாயத் தூக்கினு போயி மாமனாருக்கு நெயலு கட்டுறியா? நீ கட்டையில போவ! நீ பேதியில போவ!"

இதெல்லாம் அச்சில் வரக்கூடிய பகுதி. மற்றவற்றை ஒலிக்குறிகளில் எழுதினால்கூட தாள் சிவக்கும். மிஸ்திரி ஒன்றரை மைல் தள்ளி இருந்ததைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. மழை இருபது நிமிடத்தில் நின்றது. அவள் நிற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் முதலில் அழுகிற நிலையில் இருந்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அவரவர் வீட்டாரை நினைத்துச் சில வசைகளை நினைவில் குறித்துக்கொண்டதாகத் தோன்றியது. நான் நனைந்த புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, என் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மூன்று வாரம் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அதையே கேட்டேன். எத்தனை ய, எத்தனை ழ. ழ பூஜ்யம். எங்கெங்கே உயிர் சுருங்குகிறது, எங்கெங்கே நீள்கிறது. 'மய' என்ற சொல்லில் முதல் உயிரை அவள் எவ்வளவு இழுக்கிறாள் என்று மில்லிநொடியில் அளந்தேன். முப்பத்தெட்டாவது நிமிடத்துக்குமேல் அவள் குரல் தாழ்ந்து, இன்னொரு பெண்ணோடு பேசத் தொடங்குகிறாள். அந்தப் பகுதிக்கு நேரே என் நோட்டில், 'தாழ்ந்த குரல், பயன் குறைவு' என்று எழுதினேன்.

வகுப்பில் அவள் திட்டிய முதல் இருபது நிமிடத்தைப் போட்டுக்காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் ஆசிரியை சிரிக்கவில்லை. பலகையருகே போய், 'நாசமாப் போவ' என்று எழுதி, கடைசிச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இது என்ன வினை?"

முன்வரிசையில் இருந்த ஒருவன் சட்டென்று சொன்னான். "எதிர்காலம், மேடம். நீ போவாய். பேச்சுல கடைசி ஒலி போயி 'போவ' ஆயிடுச்சு. இது சாபமே இல்ல, ஜோசியம்."

"இல்லன்னா?"

எனக்குப் பள்ளிக்கூட இலக்கணம் ஞாபகம் வந்தது. "வியங்கோளா இருக்கலாம் மேடம். போக. வாழ்க, வருக மாதிரி. க வந்து வ-வா மாறியிருக்கலாம்."

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. "வியங்கோள நாம எங்க பார்க்கறோம்? கல்யாணப் பத்திரிகையில. கட்சி போஸ்டர்ல. வீட்டுல யாராவது 'சாப்பிட வருக'ன்னு கூப்பிடறோமா? பேச்சுல அது செத்துப்போச்சுன்னுதான் தோணும். ஆனா இந்தப் பொண்ணு சொல்றது சரின்னா அது சாகல. வாழ்த்துறதுக்கு ஆள் இல்லாம, வசவுக்குள்ள போயி குடியிருக்குது."

முன்வரிசைக்காரன் விடவில்லை. "ஆதாரம் வேணும் மேடம். இதுல எல்லாமே 'நீ'. நீ போவன்னா ரெண்டு விதமாவும் பிரிக்கலாம்."

"கரெக்டு. அப்ப எப்படிச் சோதிக்கறது?"

பத்து நிமிடம் சண்டை போட்டுக் கண்டுபிடித்தோம். முன்னால் நிற்பவரைத் திட்டாமல் வேறொன்றைத் திட்டவைக்க வேண்டும். 'அது போவ' என்று வந்தால் வியங்கோள். எதிர்காலம் என்றால் 'அது போவும்' என்றுதான் வந்தாக வேண்டும். இவ்வளவு எளிது. ஒரு வசவை இப்படிக் கழற்றிப் பார்க்கலாம் என்று ஆறாம் வகுப்பு பெஞ்சுமேல் நின்றபோது யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

"அப்ப போயி அவங்களையே கேட்டுட்டு வா" என்றவர், எதையோ நினைத்து நின்றார். "ஆமா, இவ்வளவு இயல்பா எப்படிப் பேசினாங்க? பதிவு பண்றது அவங்களுக்குத் தெரியுமா?"

நான் போனை நோட்டுக்கு அடியில் தள்ளினேன்.

"தெரியாதா?"

"கஞ்சிப் பையில வெச்சிருந்தேன் மேடம்."

வகுப்பில் சிரிப்பு நின்றது. அவர் கோபப்படவில்லை. அதுதான் மோசம். "போயி சொல்லு. சரின்னாங்கன்னா வேலையத் தொடரு. வேணாம்னாங்கன்னா அவங்க முன்னாடியே அழிச்சிடு. மார்க்கு பூஜ்யம்தான் வரும். ஆனா நிம்மதியான பூஜ்யம்."

மறுநாள் சாயங்காலம் அத்தை தெருக்குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். உப்பளத்திலிருந்து வந்ததும் கால் வெடிப்புகளை நெடுநேரம் நல்ல தண்ணீரில் ஊறவைப்பாள். நான் பக்கத்தில் போய் நின்று, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பை, போன், மழை, வகுப்பு, பதினோரு பேர்.

அவள் குழாயை மூடினாள். "நா பேசனத எனக்குத் தெரியாம புட்ச்சி வெச்சிக்கினியா?"

"ஆமா அத்தை."

"கஞ்சிப் பையிலயா?"

"ஆமா."

அவள் என்னைத் திட்டவில்லை. அண்ணன் மகள். என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"அந்த போனு நாசமாப் போவ! அதக் கண்டுபுட்ச்சவன் கை வெளங்காமப் போவ!"

நான் குதித்தேன். உண்மையாகவே தரையிலிருந்து எழும்பினேன். "அத்தை! போனு போவ! கை போவ! போவும்னு சொல்லல நீ! இன்னொரு வாட்டி சொல்லு, அப்பிடியே சொல்லு!"

பிளாஸ்டிக் மக்கு என் காதுக்குப் பக்கத்தில் பறந்துபோய் எதிர்ச்சுவரில் மோதியது. "ஒனக்கு இன்னாடி ஆச்சு? மன்னிப்பு கேக்க வந்தியா, கூத்தாட வந்தியா?"

மக்கைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்துவைத்த சட்டிமேல் உட்கார்ந்தாள். "சரி, போடு. நா இன்னா பேசனேன்னு நானும் கேக்கறேன்."

போட்டேன். முதலில் முறைத்துக்கொண்டே கேட்டாள். மாமனாருக்கு நிழல் கட்டும் இடம் வந்ததும் உதட்டைக் கடித்தாள். பேதி வந்ததும் சிரித்துவிட்டாள். "நல்லாத்தான் திட்டிக்கீறேன்" என்றாள், வேறு யாரோ செய்த வேலையைப் பாராட்டுகிறவள்போல. பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

"மயன்னு சொல்றா பாரு, அது யாரு?"

"நீதான்."

"போடி. நா மயன்னுதான சொல்லுவேன். இவ மயன்றா."

இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குக் கேட்டது. அவளுக்கு அவள் சொன்னது மழையாகவும், போன் சொன்னது 'மய'யாகவும் கேட்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு ஓர் அத்தியாயமே உண்டு. நான் வாயைத் திறக்கவில்லை. மக்கு அவள் கையில் இருந்தது.

பேச்சு முப்பத்தெட்டாவது நிமிடத்துக்கு வந்தது. போனிலிருந்து அவள் குரல் தாழ்ந்து கேட்டது. "முட்டி பூட்ச்சிடி எனக்கு. சட்டியத் தூக்கினா கண்ணு இருட்டுது. நேத்து வரப்புல உக்காந்துட்டேன், யாரும் பாக்கல. மிஸ்திரி கிட்ட சொல்லிடாத, வேலய விட்டு நின்னுக்கன்னுடுவான். எங்க அண்ணங்கிட்டயும் சொல்லாத."

அத்தை கையை நீட்டிப் போனின் கண்ணாடியைப் பொத்தினாள். சத்தம் நிற்கவில்லை. "இத நிறுத்து" என்றாள். நிறுத்தினேன்.

"இத எத்தினி பேரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல அத்தை. முன்னாடி பாதிதான் போட்டேன்."

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"எத்தினி வாட்டி?"

நாற்பது முறை இருக்கும். முட்டி என்ற சொல்லில் இரட்டிக்கும் ட்-ஐ அளந்து அட்டவணையில் போட்டிருந்தேன். அந்த அட்டவணை நோட்டில் இருக்கிறது, நேர்த்தியாக, நிறம் தீட்டி. அவளுக்கு முட்டி வலிக்கிறது என்பது அந்த நோட்டில் எங்கும் இல்லை.

அவள் என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டாள். "திட்டனத வெச்சிக்க. அது ஊருக்கே தெரிஞ்சதுதான். முட்டிய எட்துடு" என்றாள். அவள் முன்னாலேயே அந்தப் பகுதியை வெட்டி அழித்தேன். "அந்தக் குப்பத்தொட்டின்னு ஒண்ணு இருக்குமே போனுல, அதுலருந்தும் எடு." அதிலிருந்தும் எடுத்தேன்.

கல்லூரி தந்த ஒப்புதல் படிவத்தை மறுநாள் கொண்டுபோனேன். 'தகவலாளி' என்ற இடத்துக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படித்தவள் பேனாவை வைத்துவிட்டாள். "தகவலாளின்னா? போலீசுக்குத் துப்பு குடுக்கறவளா நானு?" நான் அதை அடித்துவிட்டு 'பேசியவர்' என்று எழுதினேன். போட்டாள்.

வகுப்பில் போனையும் அதைக் கண்டுபிடித்தவன் கையையும் பலகையில் எழுதினேன். முன்வரிசைக்காரன் எழுந்து நின்று கை தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான். நல்ல மதிப்பெண் வந்தது. கஞ்சிப் பைக்காக அதில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார் எங்கள் ஆசிரியை. அன்று பாடம் முடிவதற்குள் நான் கையைத் தூக்கி, என் வீட்டில் வாயப்பயம்தான் என்றேன். கேள்வி கேட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. "தெரியும்மா" என்றார் அவர். "பஸ்ஸுக்கு நேரமாயிட்டா, அவசரத்துல ஒனக்கு ழ வர்றதில்ல."

அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அத்தை சொன்னதை நான் கடைப்பிடித்தேன். மிஸ்திரியிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிடம் சொல்லக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. கல்லூரியைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று புதுச்சேரிக்கு அழைத்துப்போய், நேராகப் பெரியாஸ்பத்திரி வரிசையில் நிறுத்தினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வியங்கோள், எதிர்காலம் எல்லாம் இருந்தது. எலும்புப் படத்தைப் பார்த்த டாக்டர், இனித் தலைச்சுமை கூடாது என்றார். அவள் அவரிடம் அரைச் சட்டி, கால் சட்டி என்று பேரம் பேசினாள். அவர் அதற்கும் முடியாது என்றார். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து, நான் வாங்கித்தந்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் சாலையைப் பார்த்தாள். நான் பேசவில்லை. அந்த வருடத்தில் எனக்குத் தோன்றிய நல்ல யோசனை அது ஒன்றுதான்.

கடைசியில் அப்பாவிடம் அவளே சொன்னாள். அவர் கொட்டகைக்காரரிடம் பேசி, உப்பைப் பாக்கெட் போடும் வேலையில் சேர்த்துவிட்டார். அங்கே பெண்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அளந்து கொட்டி, சூட்டுக் கருவியில் பாக்கெட்டின் வாயை ஒட்ட வேண்டும். மடக்கிய முட்டியோடு எட்டு மணி நேரம். அத்தை பத்து நாள் உட்கார்ந்தாள். பதினோராம் நாள் எழுந்து முதலாளி அறைக்குப் போனாள். உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. கதவு சாத்தியிருந்தது, இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. மறுவாரம் ஒரு மினி லாரியில் எட்டு முக்காலிகளும் ஒரு நீள மேசையும் வந்து இறங்கின.

விடுமுறையில் நான் அங்கே போனேன். மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, காலை நீட்டிவைத்துக்கொண்டு பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கி உள்ள போயி இன்னா சொன்ன அத்தை?" என்று கேட்டேன்.

"ஒன் போனு எங்க?"

பையிலிருந்து எடுத்து, அணைத்து, மேசைமேல் அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தேன்.

அவள் பக்கத்து முக்காலியைக் காலால் தள்ளினாள். "குந்து. இந்த மூலயப் புடி, கோணலாப் போவுது பாரு" என்று ஒரு பாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.